அந்தப் பதினேழு நிமிடங்கள்

கேள்வி: என் கணவர் துபாயில் வேலை பார்க்கிறார். பதினோராம் வகுப்புப் படிக்கும் மகளுடன் சேர்ந்து ‘பிளாக் மிரர்’ தொடரின் ‘ஆர்க்ஏஞ்சல்’ அத்தியாயத்தைப் பார்த்தேன். மகளின் தலைக்குள் சில்லு பதித்து, அவள் காண்பதையெல்லாம் டேப்லெட்டில் பார்க்கும் தாயின் கதை. முடிந்ததும், “நீயும் இந்த அம்மாவும் ஒண்ணுதான்” என்று எழுந்து போனவள், பத்து நாட்களாக முகம் கொடுத்துப் பேசவில்லை. நான் அவள் உடம்பில் எதையும் பதிக்கவில்லை. இருக்குமிடம் காட்டும் செயலியைத்தான், அவளிடம் சொல்லாமல், கைப்பேசியில் போட்டிருந்தேன். போன மாதம் தாமதமாக வந்தவள், வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, தோழியைப் பேருந்து ஏற்றிவிட்டு வந்ததாகச் சொன்னாள். “தெரியும், பஸ் ஸ்டாண்டுல 17 நிமிஷம் நின்னே” என்றேன். நான் சந்தேகப்படவில்லையே! நான் செய்தது தவறா? (கடிதம் சுருக்கப்பட்டுள்ளது.)
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: சில்லுக்கும் செயலிக்கும் உள்ள வேறுபாட்டை விளக்கவே உங்கள் கடிதத்தின் பெரும்பகுதி செலவாகியிருக்கிறது. பேருந்து நிலையத்தைப் பற்றி நீங்கள் எழுதியிருப்பது சில வரிகள்தான். நான் திரும்பத் திரும்பப் படித்தது அந்த வரிகளைத்தான்.

அந்த மாலையை இன்னொரு முறை நினைத்துப் பாருங்கள், சகோதரி. நீங்கள் கேட்கவில்லை, அவளாகவே சொன்னாள், சொன்னதும் உண்மை. இந்த வயதில் ஒரு பெண் வாசலிலேயே நின்று தாயிடம் ஒப்புவிக்கும் உண்மையைவிடப் பெரிய பாதுகாப்பு எந்தச் செயலியிலும் கிடையாது. அதை அவள் கையில் ஏந்தி வந்தபோது, “எனக்கு இது தேவையில்லை, ஏற்கெனவே என்னிடம் இருக்கிறது” என்று திருப்பி அனுப்பிவிட்டீர்கள். தான் கண்காணிக்கப்படுவதும் அந்த நொடியில்தான் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. சந்தேகப்படவில்லை என்கிறீர்கள். மகளுக்குத் தெரியாமல் செயலியைப் போட்டு, அவள் நின்ற நிமிடங்களை எண்ணி வைத்திருந்ததற்குச் சந்தேகம் என்பதைத் தவிர வேறு என்ன பெயர்?

ஜோடி ஃபாஸ்டர் இயக்கி 2017 டிசம்பரில் வெளியான அந்த அத்தியாயத்தில் வரும் தாய் மரீயும் கொடுமைக்காரி அல்லள். பூனையின் பின்னால் போய் ரயில் பாதையருகே கிடைத்த குழந்தையைத் தேடிச் செத்துப் பிழைத்தவள் அவள். இடையில் பல ஆண்டுகள் டேப்லெட்டைப் பரணில் போட்டுவைக்கவும் செய்தாள். வளர்ந்த மகள் சாரா, சொன்ன இடத்தில் இல்லை என்று தெரிந்த இரவில் அதை மீண்டும் எடுத்ததைக்கூட நான் பெரிய குற்றமாகச் சொல்ல மாட்டேன். ஆனால் திரையில் கண்டதை அவள் மகளிடம் கேட்கவே இல்லை. மகளுடன் பழகிய பையனைத் தனியே சந்தித்து மிரட்டி விலக்கினாள். மகள் கருவுற்றதை டேப்லெட் காட்டியதும், கருவைக் கலைக்கும் மாத்திரையைப் பொடித்து அவள் குடிக்கும் ஸ்மூத்தியில் கலந்து கொடுத்தாள். தன் உடம்பில் என்ன நடந்தது என்பதைச் சாரா பள்ளி நர்ஸ் சொல்லித்தான் தெரிந்துகொள்கிறாள். பெற்றவள் வாய் திறந்து பேச வேண்டிய இடங்களிலெல்லாம் அந்தக் கருவி பேசிவிட்டது. உங்கள் வீட்டிலும் அன்று செயலிதான் பேசியது. உங்கள் மகள் எழுந்து போனதும் அதனால்தான்.

பிள்ளைகளை அவர்கள் போக்கில் விட்டுவிடுங்கள் என்று சொல்பவள் அல்லள் நான். எங்கே போகிறாய், யாருடன் போகிறாய், எத்தனை மணிக்குத் திரும்புவாய் என்று கேட்பது தாயின் கடமை. முகம் பார்த்துப் பதில் சொல்வது மகளின் கடமை. தவறினால் நேருக்கு நேர் கண்டியுங்கள், அவள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. கேட்காமலே தெரிந்துகொண்டால், கேட்கும் கடமையிலிருந்து நீங்களும் நழுவுகிறீர்கள், சொல்லும் பழக்கத்தை அவளும் இழக்கிறாள். கணவர் வெளிநாட்டில் இருக்கும்போது உங்கள் பயம் இரட்டிப்பாவது எனக்குப் புரிகிறது. அந்தப் பயத்தை அவளிடமே சொல்லியிருக்கலாமே, ஏன் ஒளித்தீர்கள்?

இன்றிரவே அவள் கண்ணெதிரில் அந்தச் செயலியை நீக்குங்கள். சொல்லாமல் போட்டது தவறு என்று அவளிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். தாய் மகளிடம் மன்னிப்புக் கேட்டால் மதிப்புக் குறையும் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். வீடு திரும்ப வேண்டிய நேரத்தை இருவருமாகப் பேசி முடிவு செய்து, அதைக் கணவருக்கும் தெரிவியுங்கள். பிறகு, அன்று வாசலில் நீங்கள் கேட்கத் தவறியதை இப்போதாவது கேளுங்கள்: “அந்தப் பொண்ணு பத்திரமா வீடு போய்ச் சேர்ந்தாளா?”