வீட்டுப் பத்திரத்தை வெளியே எடுக்காதீர்கள்

போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் இருவரும் மகளோடு வந்தீர்கள். சென்னையில் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு மேனேஜ்மெண்ட் சீட் பேசி வைத்திருக்கிறார் மைத்துனர், வீட்டை அடகு வைத்தால் பணம் புரளும் என்றீர்கள். அம்மா அழுதார். பயப்படாதீர்கள் என்று சொல்லி அனுப்பினேன். அது போதாது. அந்தச் சீட் வேண்டாம்.

அந்த ஒரு மணி நேரத்தில் உங்கள் மகள் வாய் திறந்தது ஒரே ஒரு முறை. தெருவில் புதிதாகக் கட்டிய வாய்க்காலில் ஏன் தண்ணீர் தேங்குகிறது என்று சொன்னாள். கொத்தனார் தாத்தாவின் டியூப் லெவலை, அதுதான் மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாயை, வைத்துப் பார்த்தாளாம், வாட்டம் எதிர்ப்பக்கம் இறங்கியிருக்கிறதாம். நீங்கள் அவளை அடக்கிவிட்டு மறுபடி கட்டணத்துக்கு வந்துவிட்டீர்கள்.

அந்தத் தப்பைக் கட்டும்போதே பிடிப்பதற்கு ஒரு உத்தியோகம் இருக்கிறது: உள்ளாட்சியில் உதவிப் பொறியாளர். ஊராட்சி ஒன்றியம், நகராட்சி, மாநகராட்சி எல்லாவற்றிலும் பொறியியல் பிரிவு உண்டு. ஒரு சிமெண்ட் சாலை என்றால் இடத்தை அளந்து, பொருளுக்கும் கூலிக்கும் அரசு வகுத்த விலைவிகிதப் பட்டியலை வைத்து எஸ்டிமேட் போட வேண்டும். அனுமதி வாங்கி, 1998-ஆம் ஆண்டு ஒப்பந்தப்புள்ளிச் சட்டப்படி டெண்டர் விட வேண்டும். அப்புறம்தான் வெயிலில் நிற்கும் வேலை. தோண்டிய ஆழம், ஜல்லி, கலவை, தண்ணீர் விட்டு ஆற்றுவது எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். கான்கிரீட்டை 15 செ.மீ. கட்டிகளாக வார்த்து 7-ஆம் நாளும் 28-ஆம் நாளும் உடைத்துப் பார்ப்பார்கள். எம்20 கலவை என்றால் 28-ஆம் நாளில் சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் தாங்க வேண்டும். அளவுகளை எம்-புக் என்கிற அளவுப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் ஒப்பந்ததாரரின் பில் நகரும். மண்ணைப் போட்டு மூடிவிட்டால் அஸ்திவாரத்துக்கு அந்தப் புத்தகம்தான் சாட்சி. அதனால் 'கொஞ்சம் கூட்டி எழுதுங்கள்' என்ற நெருக்கடியும் வரும். தணிக்கையில் பதில் சொல்லப்போவது கையெழுத்துப் போட்டவர்தான். இதை இப்போதே அவளிடம் சொல்லிவிடுங்கள்.

வழி எளிது. பிளஸ் டூவில் கணக்கு, இயற்பியல், வேதியியல் படித்தவள். அரசு பாலிடெக்னிக்கில் சிவில் டிப்ளமோவுக்கு நேரே இரண்டாம் ஆண்டில் சேரலாம், இரண்டே வருடம். பிறகு விருப்பம் இருந்தால் பி.இ. சிவிலிலும் இரண்டாம் ஆண்டில் நுழையலாம். உதவிப் பொறியாளர் பதவிக்கு அந்தப் பட்டம் வேண்டும். அந்தப் பதவிக்கான தேர்வு அறிவிப்பு வருடா வருடம் வரும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். காத்திருக்கும் காலத்தில் ஒப்பந்ததாரர்களிடம் தள மேற்பார்வை வேலை பார்க்கட்டும். கடன் இல்லாதவளால்தான் அப்படிக் காத்திருக்க முடியும். வீட்டை அடகு வைத்தால் முதல் மாதச் சம்பளத்திலிருந்தே வட்டிக்கு ஓடுவாள்.

பொம்பளப் பிள்ளைக்கு வெயிலில் என்ன வேலை என்று அத்தை கேட்டாராம். தமிழ்நாட்டில் உள்ளாட்சிப் பதவிகளில் பாதி பெண்களுக்குத்தான். மன்றத்தில் தலைவராக உட்காரும் பெண் சாலை போடும் இடத்தில் நிற்கக் கூடாதா?

மைத்துனரிடம் முன்பணம் கட்ட வேண்டாம் என்று இன்று இரவே போனில் சொல்லிவிடுங்கள். அப்புறம் மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ் எடுத்துக்கொண்டு மூவரும் பாலிடெக்னிக்குக்குப் போங்கள். அங்கே அவளே பேசட்டும்.