தூங்கவிடாத பிபி கருவி கணக்கை நம்பலாமா?

கேள்வி: டாக்டர், மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். தூக்கம் ஏற்கெனவே அரைகுறைதான். இப்போது 24 மணி நேரம் கையில் பட்டை கட்டி பிபி பார்க்க வேண்டும் என்கிறார்கள். உள்ள தூக்கமும் போய்விடாதா? அப்படி வரும் கணக்கு சரியாக இருக்குமா? – ஒரு வாசகி

பதில்: நியாயமான பயம். பட்டை இறுகும்போது பலருக்கு முழிப்பு தட்டும். மற்றவர்கள் புரண்டு படுத்துத் தூங்கிவிடுவார்கள், ஆனால் மனச்சோர்வு இருப்பவருக்கு ஒருமுறை கண் விழித்தால் யோசனைகள் ஓட ஆரம்பித்து மறுபடி தூக்கம் பிடிப்பதே பெரும்பாடாகிவிடும், விடிவதற்கு வெகுமுன்பே விழிப்பு வருவதும் இந்த நோயில் சகஜம்.

கணக்கு விஷயத்துக்கு வருவோம். தூங்கும்போது ரத்த அழுத்தம் பகலைவிட 10 முதல் 20 சதவீதம் வரை இறங்குவது இயல்பு. 10 சதவீதம்கூட இறங்கவில்லை என்றால் இதயத்துக்கும் மூளைக்கும் ஆபத்து அதிகம் என்று டாக்டர்கள் யோசிப்பார்கள். ஆனால் நீங்கள் தூங்கவே இல்லையென்றால் அது எப்படி இறங்கும்? அதனால் எப்போது படுத்தீர்கள், எப்போதெல்லாம் முழித்தீர்கள், எப்போது எழுந்தீர்கள் என்று காலையில் கட்டாயம் எழுதிக் கொடுங்கள், நேரம் துல்லியமாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை. இரவு ரொம்ப மோசமாகப் போயிருந்தால், அந்த ஒரு ரிப்போர்ட்டை மட்டும் வைத்துப் புது மாத்திரை தொடங்காமல் இன்னொரு முறை பார்க்கலாமா என்று தயங்காமல் கேளுங்கள்.

அதற்காகப் பரிசோதனையே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆஸ்பத்திரியில் ஒருமுறை பார்க்கும் பிபியைவிட இரவு அளவு பல விஷயங்களைச் சொல்லும். வென்லாஃபாக்சின் போன்ற சில மனச்சோர்வு மருந்துகள் பிபியை ஏற்றவும் கூடும். அதைப் படித்துவிட்டு நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், தயவுசெய்து.

எழுதாத கையில் கட்டச் சொல்லுங்கள். பட்டை இறுகும்போது கையை அசைத்தால் அளவு தவறி, கருவி சற்று நேரத்தில் மறுபடி இறுக்கும், அதுவே தூக்கத்தை இரண்டு முறை கெடுக்கும். இரவில் அரை மணிக்கு ஒருமுறை அளப்பது வழக்கம், ஒரு மணிக்கு ஒருமுறை வைக்க முடியுமா என்று முன்கூட்டியே கேட்டுப் பாருங்கள். பீப் சத்தத்தையும் அணைக்கச் சொல்லுங்கள்.

அப்புறம், உங்கள் மனநல மருத்துவரிடமும் தேதியைச் சொல்லிவிடுங்கள். மனநிலை ஒரேயடியாக ஏறி இறங்கும் பைபோலார் பிரச்சினை உங்களுக்கு இருந்தால் இது இன்னும் முக்கியம், ஏனென்றால் அவர்களில் சிலருக்கு ஓர் இரவுத் தூக்கம் கெட்டாலே மனநிலை எக்கச்சக்கமாக ஏறிவிடும்.