ஆஸ்துமாவும் தொழில் தேர்வும்: பதின்பருவத்தினரின் கேள்விகளுக்கு நுரையீரல் மருத்துவரின் பதில்கள்

பதின்பருவத்தினரும் அவர்களுடைய பெற்றோரும் என்னிடம் அதிகம் கேட்பது, ஆஸ்துமா உள்ளவர் எந்தப் படிப்பைத் தேர்ந்தெடுக்கலாம் என்பதைத்தான். நோயின் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு இதற்குப் பதில் சொல்ல முடியாது. நோய் எவ்வளவு கட்டுப்பாட்டில் இருக்கிறது, பணியிடத்தில் நாள்தோறும் எதைச் சுவாசிக்க நேரும் என்ற இரண்டும் தெரிய வேண்டும்.

கேள்வி: எனக்கு 16 வயது. ரொட்டியும் கேக்கும் தயாரிக்கும் தொழிலைக் கற்க விரும்புகிறேன். சிறுவயதிலிருந்தே ஆஸ்துமாவும் காலை நேரத்தில் அடுக்குத் தும்மலும் உண்டு. இந்தத் தொழில் எனக்கு ஒத்துவருமா?

பதில்: வேலையால் வரும் ஆஸ்துமாவுக்கு நன்கு அறியப்பட்ட காரணங்களில் மாவுத் தூசும் ஒன்று. கோதுமை மாவிலுள்ள புரதங்களும், ரொட்டி மாவில் சேர்க்கப்படும் ஆல்ஃபா அமிலேஸ் என்ற நொதியும் மூச்சுக்குழாயில் ஒவ்வாமையை உண்டாக்கக்கூடியவை. வேலையில் சேர்ந்தவுடன் இந்தத் தொல்லை பெரும்பாலும் தலைகாட்டாது. பல மாதங்களோ சில ஆண்டுகளோ ஒரு சிக்கலும் இல்லாமல் கழிந்த பிறகு மூக்கொழுக்கும் கண் அரிப்பும் தொடங்கி, பின்னர் இருமலும் நெஞ்சு இறுக்கமும் சேர்ந்துகொள்ளும். விடுமுறையில் குறைந்து, வேலைக்குத் திரும்பியதும் கூடுமானால் வேலையிடத்துக் காற்றைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். உங்களைப் போல ஒவ்வாமை இயல்பு உள்ளவர்களுக்கு இந்த வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம்.

ஆனாலும் இந்த ஆசையைக் கைவிடுங்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. படிப்பில் சேர்வதற்கு முன்பே மாவு வகைகளுக்கான தோல் ஒவ்வாமைச் சோதனையையும், ஊதும் காற்றை அளந்து நுரையீரலின் திறனைக் காட்டும் ஸ்பைரோமெட்ரியையும் செய்துகொள்ளுங்கள். பின்னாளில் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கும் அந்த முடிவுகள் உதவும். பயிற்சிக் கூடத்தில் தூசை உறிஞ்சி வெளியேற்றும் அமைப்பு உள்ளதா, மூட்டையை உதறிக் கொட்டுகிறார்களா, தரையை உலர் துடைப்பத்தால் பெருக்குகிறார்களா என்பதை நேரில் பாருங்கள். தொல்லை தொடங்கினால் தாங்கிக்கொண்டு தொடர வேண்டாம். ஒவ்வாமை உண்டாக்கும் பொருளிலிருந்து சீக்கிரம் விலகியவர்களுக்கே மூச்சு பழைய நிலைக்குத் திரும்பும் வாய்ப்பு அதிகம். நெடுநாள் தாமதித்தவர்களுக்கு வேலையை விட்ட பிறகும் ஆஸ்துமா நீடிப்பதுண்டு.

மர வேலை, முடியை வெளிறச் செய்யும் பர்சல்ஃபேட் தூளைக் கையாளும் சிகை அலங்காரம், எலிகளைப் பராமரிக்கும் ஆய்வுக்கூடப் பணி ஆகியவற்றுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். வாகனங்களுக்கு ஸ்பிரே பெயின்ட் அடிக்கும் வேலையைப் பற்றி மட்டும் நான் சற்றுக் கடுமையாகவே பேசுவது வழக்கம். அந்தப் பெயின்டுகளில் பலவற்றில் ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. அதற்கு ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால், மிகச் சிறிய அளவை முகர்ந்தாலும் கடுமையான மூச்சுத்திணறல் வரக்கூடும்.

கேள்வி: 17 வயதான நான் 800 மீட்டர் ஓட்டத்தில் பங்கேற்கிறேன். ஓடி முடித்த சில நிமிடங்களில் இருமலும் இறுக்கமும் வருகின்றன. இன்ஹேலர் பயன்படுத்தினால் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கிக்கொள்வேனா?

பதில்: உங்கள் அச்சத்துக்கு வரலாற்றில் காரணம் இருக்கிறது. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் நீச்சலில் முதலாவதாக வந்த 16 வயது அமெரிக்க வீரர் ரிக் டிமான்ட், தமது ஆஸ்துமா மருந்தில் தடைசெய்யப்பட்ட எஃபெட்ரின் இருந்த காரணத்தால் தங்கப் பதக்கத்தை இழந்தார். இன்று விதிகள் தெளிவாக உள்ளன. உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் விதிப்படி, மூச்சுக்குழாயை விரைவாக விரிக்கும் நிவாரண மருந்தான சால்பியூட்டமாலை இன்ஹேலர் வழியே எடுப்பது, 24 மணி நேரத்தில் 1600 மைக்ரோகிராமுக்கும், எந்த 8 மணி நேரத்திலும் 600 மைக்ரோகிராமுக்கும் மிகாதவரை அனுமதிக்கப்படுகிறது. ஓர் அழுத்தத்துக்கு 100 மைக்ரோகிராம் என்பது வழக்கமான அளவு என்பதால், சாதாரணத் தேவைக்கு இந்த வரம்பு போதும். உள்ளிழுக்கும் ஸ்டீராய்டுக்குத் தடையில்லை. ஆனால் அதே வகை நிவாரண மருந்தான டெர்பியூட்டலினுக்கும், போட்டிக் காலத்தில் விழுங்கும் ஸ்டீராய்டு மாத்திரைக்கும் மருத்துவ விலக்கு அனுமதி பெற வேண்டும்.

ஓடுவதற்கு முன் போதிய அளவு உடலைச் சூடாக்கிக்கொள்வதும், மருத்துவர் சொன்ன மருந்தைச் சுமார் 15 நிமிடங்களுக்கு முன் எடுத்துக்கொள்வதும் பலருக்குப் போதுமானவை. ஒவ்வொரு பயிற்சிக்கும் மருந்து தேவைப்படுகிறது என்றால், மூச்சுக்குழாயின் அழற்சி அடங்கவில்லை என்று பொருள். தொடர் சிகிச்சையைத் திருத்த வேண்டும். 14 வயதில் ஆஸ்துமா கண்டறியப்பட்ட பிரிட்டிஷ் வீராங்கனை பவுலா ராட்கிளிஃப்தான் 2003இல் 2 மணி 15 நிமிடம் 25 விநாடியில் மாரத்தான் ஓடி மகளிர் உலக சாதனை படைத்தார்.

கேள்வி: என் மகனுக்கு விமானியாக வேண்டும் என்று ஆசை. 9 வயதில் ஆஸ்துமா இருந்தது. நான்கு ஆண்டுகளாக ஒன்றுமில்லை. விண்ணப்பத்தில் அதைச் சொல்லாமல் விட்டுவிடலாமா?

பதில்: கூடாது. பதின்பருவத்தில், குறிப்பாக ஆண் பிள்ளைகளுக்கு, அறிகுறிகள் மறைவது உண்டு. பிற்காலத்தில் அவை திரும்பி வருவதும் உண்டு. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் தரநிலைகள் குறிப்பிடத்தக்க அறிகுறிகளை உண்டாக்கும் ஆஸ்துமாவைத் தடையாகக் கருதுகின்றன. குழந்தைப் பருவத்தில் வந்துபோன நோயை அந்தந்த நாட்டு மருத்துவ அதிகாரிகள் எடைபோடுவார்கள். மூச்சுப் பரிசோதனை முடிவுகளையும் பழைய மருத்துவப் பதிவுகளையும் திரட்டிக்கொண்டு, பயிற்சிக் கட்டணம் கட்டுவதற்கு முன்பே மருத்துவத் தகுதித் தேர்வை முடித்துவிடுங்கள். ராணுவமும் தீயணைப்புத் துறையும் பல நாடுகளில் இதைவிடக் கடுமையாக நடந்துகொள்கின்றன. ஆழ்கடல் முக்குளிப்பில் ஆபத்து வேறு வகையானது: குறுகிய மூச்சுக்குழாய்களுக்குப் பின்னால் சிக்கிய காற்று, மேலேறி வரும்போது விரிந்து நுரையீரலைக் கிழித்துவிடக்கூடும்.

கேள்வி: தேர்வு நேரத்தில் படபடப்புக்காகத் தோழி ஒருத்தி மாத்திரை போடுகிறாள். நானும் போடலாமா?

பதில்: வேண்டாம். அது இதயத் துடிப்பைத் தணிக்கும் புரோப்ரனலால் வகை மாத்திரையாக இருக்கக்கூடும். ஆஸ்துமா உள்ளவர்களின் மூச்சுக்குழாயை அது கடுமையாகச் சுருக்கிவிடும். அந்த வேளையில் சால்பியூட்டமாலும் சரியாக வேலை செய்யாது.

கேள்வி: அடுத்த ஆண்டு படிப்புக்காக விடுதிக்குச் செல்கிறேன். இதுவரை மருந்துகளை அம்மாதான் கவனித்துக்கொள்கிறார். என்னென்ன தெரிந்துகொள்ள வேண்டும்? ஸ்டீராய்டு இன்ஹேலரால் உயரம் குறையுமா?

பதில்: உயரத்தில் சுமார் 1 சென்டிமீட்டர் குறையலாம் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. இதற்காக மருந்தை நிறுத்துவது, கட்டுப்பாடற்ற ஆஸ்துமாவை விலைகொடுத்து வாங்குவதாகும்.

நிவாரண இன்ஹேலரை மட்டும் நம்பியிருக்கும் பழக்கம் ஆபத்தானது. 2019 முதல் ஜினா (GINA) எனப்படும் உலகளாவிய ஆஸ்துமா வழிகாட்டுதல்கள் 12 வயதும் அதற்கு மேலும் உள்ள எவருக்கும் சால்பியூட்டமாலை மட்டும் தருவதைப் பரிந்துரைப்பதில்லை. கிளம்புவதற்குச் சில மாதங்களுக்கு முன்பே மருந்துப் பொறுப்பை அம்மாவிடமிருந்து முழுமையாக வாங்கிக்கொண்டு, அவர் நினைவூட்டாமல் நடத்திப் பாருங்கள். அறிகுறி கூடினால் எந்த மருந்தை எவ்வளவு கூட்டுவது, எப்போது மருத்துவமனைக்குப் போவது என்பதை மருத்துவரிடம் எழுதி வாங்கி, அதன் நகலை அறைத்தோழியிடமும் கொடுங்கள். பூசணம் பிடித்த சுவருள்ள அறை கிடைத்தால் தயங்காமல் மாற்றித் தரச் சொல்லுங்கள். மெத்தைக்கும் தலையணைக்கும் தூசு உண்ணி புகாத உறை போடலாம். அந்த உண்ணிக்கு ஒவ்வாமை இல்லாதவருக்கு அதனால் பயனில்லை என்பதால், சோதனைக்குப் பிறகு வாங்கினால் போதும்.