ரெண்டர் பாதியில் நிற்கிறதா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

வீடியோ எடிட் செய்யும்போது கம்ப்யூட்டரின் பாகங்கள் மாறி மாறித்தான் உழைக்கின்றன. ரெண்டர், அதாவது எடிட் செய்ததை ஒரே வீடியோ ஃபைலாக்கும் வேலையைக் கொடுத்துவிட்டால் பிராசஸர், கிராபிக்ஸ் கார்டு, ரேம், டிஸ்க் நான்கும் ஒரே நேரத்தில், சில சமயம் மணிக்கணக்கில், முழு வேகத்தில் ஓடுகின்றன. இதில் எதில் குறை இருந்தாலும் அது வெளியே வருவது அப்போதுதான். உயர்ரக பாகங்கள் தங்கள் எல்லையை ஒட்டியே ஓடும்படி செட் செய்யப்பட்டு வருவதால், பவர்ஃபுல் மெஷினில் இது நடப்பதில் வியப்பில்லை. சாப்ட்வேரை அழித்து மறுபடி இன்ஸ்டால் செய்யும் முன் இரண்டு விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நிற்கிறதா, வேறு வேறு இடத்திலா? சாப்ட்வேர் மட்டும் மூடிக்கொள்கிறதா, மெஷினே ரீஸ்டார்ட் ஆகிறதா?

கேள்வி: 14ஆம் தலைமுறை கோர் ஐ9, 64 ஜிபி ரேம், ஆர்டிஎக்ஸ் 4080. ஒருமுறை 12 சதவீதத்தில் கிராஷ், அடுத்த முறை 70இல். விண்டோஸையே புதிதாகப் போட்டும் பயனில்லை. என்ன செய்ய?

இடம் மாறிக்கொண்டே இருந்தால் பெரும்பாலும் உங்கள் புராஜெக்ட் மீது தவறில்லை. ஹார்டுவேரைத்தான் பார்க்க வேண்டும். முதல் சந்தேகம் ரேம். பயாஸில் (விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கும் மதர்போர்டு செட்டிங்ஸ்) ரேமை வேகமாக ஓட்டும் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ ஆன் செய்திருந்தால் அதுவும் ஓவர்கிளாக்தான், அதாவது வழக்கமான வேகத்துக்கு மேல் ஓட்டுவதுதான். அதை ஆஃப் செய்து ஒரு ரெண்டர் கொடுத்துப் பாருங்கள். நான்கு டிடிஆர்5 ஸ்டிக் போட்டவர்கள் இதை முதலில் செய்ய வேண்டும். தன் ரைசன் 7000 பிராசஸர் வரிசையில் இரண்டு ஸ்டிக்குக்கு 5200 வரை ரேம் வேகம் சொல்லும் ஏஎம்டி, நான்கு போட்டால் 3600 என்றுதான் சொல்கிறது. பிறகு ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86ஐ பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே பூட் செய்து, 4 பாஸ் (சுற்று) முழுக்க ஓடவிடுங்கள். ஒரே ஒரு எரர் வந்தாலும் அது தோல்விதான். "ஒன்றுதானே" என்று விடக்கூடாது.

ரேம் தேறிவிட்டால் பிராசஸருக்கு வாருங்கள். 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் இன்டெல் சிப்களில், பிராசஸர் தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டு வாங்கி, அதனாலேயே நாளடைவில் தேய்ந்துபோகும் கோளாறு இருந்ததை இன்டெல் 2024இல் ஒப்புக்கொண்டது. அதைத் தடுக்கும் மைக்ரோகோடு (பயாஸோடு வரும் பிராசஸருக்கான திருத்தம்) 0எக்ஸ்129 அந்த ஆண்டு ஆகஸ்டிலும், 0எக்ஸ்12பி செப்டம்பரிலும் வந்தன. மதர்போர்டு தயாரிப்பாளரின் தளத்தில் கடைசியாக வந்த பயாஸை ஏற்றி, அதிலேயே "இன்டெல் டிஃபால்ட் செட்டிங்ஸ்" என்ற புரொஃபைலைத் தேர்ந்தெடுங்கள். ஆனால் மைக்ரோகோடு இனி வரும் சேதத்தைத் தடுக்குமே தவிர, ஏற்கெனவே தேய்ந்த சிப்பைச் சரிசெய்யாது.

சிப் தேய்ந்துவிட்டதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பெரிய ஜிப் ஃபைலைப் பிரிக்கும்போது, டேட்டா பொருந்தவில்லை என்று சொல்லும் சிஆர்சி எரர் வரும். கார்டில் இடம் தாராளமாக இருந்தும் "வீடியோ மெமரி போதவில்லை" என்று கேம்கள் மூடிக்கொள்ளும். விண்டோஸ் தன் கோளாறுகளைக் குறித்துவைக்கும் ஈவென்ட் வியூவரின் சிஸ்டம் பகுதியில் "வீயா-லாகர்" (WHEA-Logger) பெயரில் பதிவுகள் சேரும். பயாஸில் பிராசஸரின் வேகத்தைத் தீர்மானிக்கும் பி-கோர் ரேஷியோவை 53க்கு இறக்கிப் பாருங்கள். அதன்பின் ரெண்டர் ஒழுங்காக முடிந்தால் சந்தேகம் பிராசஸர் மீதே. அப்படியே ஓட்டிக்கொண்டிருக்காமல் வாரன்டியில் மாற்றிக்கொள்ளுங்கள். இந்தச் சிப்களுக்கு இன்டெல் வாரன்டியை இரண்டு ஆண்டுகள் நீட்டியிருக்கிறது.

கேள்வி: பிரீமியர் புரோவில் எப்போதும் 43 சதவீதத்தில் "எரர் கம்பைலிங் மூவி". கம்ப்யூட்டரை மாற்ற வேண்டுமா?

வேண்டாம். ஒரே இடத்தில் நிற்கிறது என்றால் பெரும்பாலும் மெஷின் நன்றாகவே இருக்கிறது. டைம்லைனில் அந்த இடத்தில் இருப்பதுதான் சிக்கல். எரர் பெட்டியில் டைம்கோடு (நின்ற இடத்தின் நேரம்) இருந்தால் அதற்கு முன்னும் பின்னும் 5 விநாடியில் தொடக்க, முடிவுக் குறிகளான இன்-அவுட் வைத்து அந்தத் துண்டை மட்டும் எக்ஸ்போர்ட் செய்யுங்கள். நின்றால், எஃபெக்ட்களை ஒவ்வொன்றாக ஆஃப் செய்து மறுபடி கொடுங்கள். வெளியார் பிளக்-இன்களில் தொடங்குவது நல்லது.

டைம்கோடு காட்டாவிட்டால் பாதி பாதியாக வெட்டித் தேடுங்கள். 20 நிமிட டைம்லைன் என்றால் முதல் 10 நிமிடத்தை மட்டும் எக்ஸ்போர்ட் செய்யுங்கள். அது முடிந்தால் கோளாறு மறு பாதியில். அந்தப் பாதியை மீண்டும் இரண்டாக்குங்கள். இப்படி ஆறு முறை பிரித்தால் 20 விநாடிக்குள் வந்துவிடுவீர்கள். கண்ணால் தேடுவதைவிட இது வேகமானது.

அங்கே பெரும்பாலும் இருப்பது கெட்டுப்போன ஒரு கிளிப், அல்லது போனில் எடுத்த, பிரேம் ரேட் ஏறி இறங்கும் வீடியோ. வீடியோவை மாற்றித்தரும் ஹேண்ட்பிரேக் சாப்ட்வேரில் "கான்ஸ்டன்ட் பிரேம் ரேட்" தேர்ந்தெடுத்து மாற்றிக்கொள்ளலாம். தரம் முக்கியம் என்றால் அடோபியின் மீடியா என்கோடரில், தரம் குறையாத ஆனால் பெரிய ஃபைல் தரும் ப்ரோரெஸ் 422 ஆக மாற்றி, "ரீப்ளேஸ் ஃபுட்டேஜ்" கொடுங்கள்.

பலர் கவனிக்காத இன்னொன்று போட்டோ. 48 மெகாபிக்சல் போட்டோ 8064க்கு 6048. எஃபெக்ட்களுக்காக அது 32 பிட் ஃப்ளோட்டில் (நுட்பமான நிறக் கணக்கு முறை) விரியும்போது ஒரு பிக்சலுக்கு 16 பைட். ஒரு படத்துக்கே 780 எம்பி. அப்படிப் பத்துப் படங்களை மெதுவாக ஜூம் செய்து டிசால்வ் போட்டால், டைம்லைன் வெறும் ஹெச்டி என்றாலும் கார்டு திணறும். 4000 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கிவிட்டுப் போடுங்கள்.

கேள்வி: டாவின்சி ரிசால்வில் "ஜிபியூ மெமரி ஃபுல்" என்கிறது. என் கார்டில் 12 ஜிபி இருக்கிறது. டாஸ்க் மேனேஜரில் ஜிபியூ 30 சதவீதம்தான் காட்டுகிறது. முரணாக இருக்கிறதே?

முரண் இல்லை. அந்த 30 சதவீதம் கார்டின் உழைப்பு. நிறைந்தது அதன் மெமரி. பெர்ஃபார்மன்ஸ் டேபில் ஜிபியூவைத் திறந்து, கீழே உள்ள "டெடிகேட்டட் ஜிபியூ மெமரி" வரியைப் பாருங்கள்.

4கே பிரேம் ஒன்று 32 பிட் ஃப்ளோட்டில் ஏறத்தாழ 133 எம்பி. பக்கத்துப் பிரேம்களோடு ஒப்பிட்டுப் புள்ளிகளை நீக்கும் டெம்போரல் நாய்ஸ் ரிடக்ஷனில் இரு பக்கமும் 2 பிரேம் என்று வைத்தால் நடுப் பிரேமோடு சேர்த்து 5 பிரேம், அதாவது 660 எம்பி. அசைவைக் கணக்கிட இதற்கு மேலும் இடம் வேண்டும். இது ஒரு நோடுக்கு (ரிசால்வில் எஃபெக்ட் போடும் ஒரு கட்டம்). அதன்மேல் மேஜிக் மாஸ்க், சூப்பர் ஸ்கேல், ஃப்யூஷன் டைட்டில் என்று அடுக்கினால் 12 ஜிபி எங்கே போனது என்று கேட்கவே வேண்டாம். டைம்லைன் 8கே என்றால் எல்லாம் நான்கு மடங்கு.

பிரவுசரையும் மற்ற எடிட்டிங் சாப்ட்வேரையும் மூடுங்கள். அவையும் அதே மெமரியில்தான் பங்கு கேட்கின்றன. நாய்ஸ் ரிடக்ஷன் பிரேம் எண்ணிக்கையை 1 ஆக்குங்கள். பெரும்பாலான ஷாட்களில் வித்தியாசமே தெரியாது. கனமான கிளிப்களை மட்டும் "ரெண்டர் இன் பிளேஸ்" செய்து தனி ஃபைலாக்கிவிடுங்கள். இதுதான் மிக உறுதியான வழி. இல்லையென்றால் அவற்றுக்கு ரெண்டர் கேஷ் (முன்கூட்டியே கணக்கிட்டுச் சேமித்த பிரேம்கள்) உருவாக்கி, டெலிவர் பக்கத்தின் அட்வான்ஸ்டு பகுதியில் "யூஸ் ரெண்டர் கேஷ்டு இமேஜஸ்" டிக் செய்யுங்கள். டெலிவர் பக்கத்திலேயே உள்ள "ரெண்டர் ஸ்பீடு" வழக்கமாக மேக்ஸிமத்தில் இருக்கும். அதை 50க்கு இறக்கிப் பாருங்கள். நேரம் கூடும், ஆனால் பல ரெண்டர்கள் இதனாலேயே முடிந்துவிடும்.

கேள்வி: சாப்ட்வேர் மூடவில்லை, மெஷினே பட்டென்று அணைந்து ரீஸ்டார்ட் ஆகிறது. நீலத்திரையும் இல்லை. "கெர்னல்-பவர் 41" என்று பதிவாகியிருக்கிறது.

41 என்பது "முறையாக ஷட்டவுன் ஆகாமல் நின்றது" என்ற தகவல் மட்டுமே. காரணம் அதில் இல்லை. அந்தப் பதிவின் டீடெயில்ஸ் பகுதியில் "பக்செக்கோடு" (BugcheckCode) 0 என்றிருந்தால் பெரும்பாலும் மின்சாரப் பக்கம் பாருங்கள். புதிய கார்டுகள் சில மில்லிசெகண்டு நேரத்துக்குத் தங்கள் அறிவிக்கப்பட்ட வாட்டுக்கு மிக மேலே இழுக்கும். சராசரிக் கணக்கில் போதுமான பவர் சப்ளை அந்த நொடியில் தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடும்.

கார்டின் ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் பவர் சப்ளையிலிருந்து தனிக் கேபிள் போடுங்கள். ஒரே கேபிளின் இரட்டைத் தலையைப் பயன்படுத்த வேண்டாம். புதிய கார்டுகளில் வரும் 12 வோல்ட் ஹை பவர் (12VHPWR) பிளக் என்றால் இடைவெளி தெரியாத அளவுக்கு முழுதாக உள்ளே போயிருக்க வேண்டும். பிறகு கார்டின் செட்டிங்ஸை மாற்ற உதவும் ஆஃப்டர்பர்னர் சாப்ட்வேரில் பவர் லிமிட்டை 70 சதவீதத்துக்கு இறக்கி ரெண்டர் செய்யுங்கள். மெஷின் தாக்குப்பிடித்தால் பவர் சப்ளை மீதான சந்தேகம் உறுதியாகும். இடையில் யூபிஎஸ் இருந்தால் அதன் வாட் அளவையும் பாருங்கள். 600 விஏ யூபிஎஸ் பல 360 வாட்தான் தரும். ரெண்டர் ஓடும் உயர்ரக மெஷின் அதைத் தாண்டிவிடும்.

சூட்டைப் பற்றி ஒரு வார்த்தை. ரைசன் 7000 சிப் 95 டிகிரியில் ஓடுவது அதன் வடிவமைப்பு. அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். சூடு, வோல்டேஜ் போன்றவற்றை அளந்து காட்டும் ஹெச்டபிள்யூஇன்ஃபோ (HWiNFO) சாப்ட்வேரில் லாகிங் ஆன் செய்து ரெண்டர் கொடுத்தால், அணைவதற்கு முந்தைய நொடி வரை எல்லா அளவும் ஃபைலில் இருக்கும்.

கேள்வி: திரை ஒரு நொடி கறுத்துத் திரும்புகிறது, எடிட்டிங் சாப்ட்வேர் மூடிவிடுகிறது. ஈவென்ட் வியூவரில் ஐடி 4101.

கிராபிக்ஸ் கார்டு 2 விநாடிக்குள் பதில் தராவிட்டால் விண்டோஸ் டிரைவரை ரீசெட் செய்துவிடும். நீங்கள் பார்ப்பது அதைத்தான். கார்டில் ஓவர்கிளாக், அண்டர்வோல்ட் (வோல்டேஜைக் குறைத்து ஓட்டுவது) எதுவும் இருந்தால் முதலில் எடுத்துவிடுங்கள். சேஃப் மோடில் டிடியூ (DDU) என்ற டிரைவர் நீக்கும் சாப்ட்வேர் கொண்டு பழைய டிரைவரைத் துடைத்து, என்விடியா என்றால் கேம் ரெடி அல்லாமல் ஸ்டூடியோ டிரைவரைப் போடுங்கள்.

இதற்குப் பிறகும் கனமான எஃபெக்டில் மட்டும் வந்தால், ரிஜிஸ்ட்ரியில் லோக்கல் மெஷின், சிஸ்டம், கரண்ட் கன்ட்ரோல் செட், கன்ட்ரோல், கிராபிக்ஸ் டிரைவர்ஸ் என்று போய், "டிடிஆர்டிலே" (TdrDelay) என்ற 32 பிட் டீவேர்டை (DWORD) உருவாக்கி, டெசிமலில் 10 கொடுத்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். இது கார்டுக்கு அவகாசம் தருகிறது, அவ்வளவுதான். கோளாறான கார்டை இது குணப்படுத்தாது. அதனால் கடைசியாகவே செய்யுங்கள்.

கேள்வி: எஸ்எஸ்டி தேயக்கூடாது என்று பேஜ் ஃபைலை (ரேமுக்குத் துணையாக விண்டோஸ் டிஸ்கில் வைக்கும் இடம்) ஆஃப் செய்துவிட்டேன். 15 ஜிபி ரேம் காலியாக இருக்கும்போதே கிராஷ் ஆகிறது.

உடனே ஆன் செய்யுங்கள், அளவை விண்டோஸிடமே விடுங்கள். புரோகிராம்கள் பயன்படுத்தும் முன்பே இடத்தை முன்பதிவு செய்கின்றன. டாஸ்க் மேனேஜரில் "கமிட்டட்" என்பது அதுதான். பேஜ் ஃபைல் இல்லையென்றால் அதன் எல்லை ரேம் அளவோடு நின்றுவிடும். ரேம் காலியாகத் தெரியும், முன்பதிவுக்கு இடமிருக்காது.

கேள்வி: ஃபைல் 4 ஜிபி ஆனதும் எக்ஸ்போர்ட் நின்றுவிடுகிறது.

சேமிக்கும் டிரைவ் ஃபேட்32 என்ற பழைய முறையில் ஃபார்மேட் ஆகியிருக்கிறது. அதில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது. டேட்டாவை வேறிடத்தில் காப்பி எடுத்துவிட்டு எக்ஸ்ஃபேட் ஆக ஃபார்மேட் செய்யுங்கள்.

கேள்வி: 8கே டைம்லைனை ஹெச்.264இல் எடுத்தால் தொடங்கியவுடனே எரர். 4கே மட்டும் வருகிறது.

என்விடியா கார்டின் ஹார்டுவேர் என்கோடர் ஹெச்.264இல் 4096 பிக்சல் அகலத்தோடு நின்றுவிடும். ஹெச்இவிசிக்கு (ஹெச்.265) மாறுங்கள்; அது 8192 வரை போகும். எரர் வேறு மாதிரி இருந்தாலும் ஒருமுறை "சாப்ட்வேர் என்கோடிங்" வைத்து எடுத்துப் பார்ப்பது நல்ல சோதனை. அதில் முடிந்தால் டிரைவர் அல்லது கார்டு பக்கம் தேடலாம்.

கேள்வி: காரணத்தைப் பிறகு பார்க்கிறேன். நாளைக் காலை வீடியோ கொடுத்தாக வேண்டும். எப்படியாவது வெளியே எடுக்க வழி?

துண்டு துண்டாக எடுங்கள். டைம்லைனை 5 நிமிடப் பகுதிகளாகப் பிரியுங்கள். பிரிக்கும் இடம் நேர் கட்டாக இருக்க வேண்டும். டிசால்வின் நடுவில் வெட்டாதீர்கள். ஒவ்வொன்றையும் ப்ரோரெஸ் 422 அல்லது டிஎன்எக்ஸ்ஹெச்ஆர் ஹெச்க்யூ ஆக, ஒலி இல்லாமல் எக்ஸ்போர்ட் செய்யுங்கள். நின்றாலும் இழப்பது அந்த 5 நிமிடம்தான். 25 பிரேம் 4கே ப்ரோரெஸ் 422 நிமிடத்துக்கு ஏறத்தாழ 3.7 ஜிபி பிடிக்கும். அரைமணி நேரப் படத்துக்கு 110 ஜிபிக்கு மேல் காலி இடம் இருக்கிறதா என்று தொடங்கும் முன்பே பாருங்கள்.

ஒலியை முழு நீளத்துக்கும் ஒரே வேவ் ஃபைலாக எடுங்கள். ஒலியையும் துண்டாக்கினால் இணைப்புகளில் "டிக்" சத்தம் வரக்கூடும். எல்லாவற்றையும் எஃபெக்ட் ஏதுமில்லாத புதிய புராஜெக்டில் வரிசையாக வைத்து, அங்கிருந்து ஹெச்.264 எடுத்தால் கார்டுக்குச் சுமையே இருக்காது.

ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் ஷாட் என்றால் வீடியோவாக எடுக்காமல் பிஎன்ஜி சீக்வென்ஸாக, அதாவது பிரேமுக்கு ஒரு படமாக எடுங்கள். ரெண்டர் செட்டிங்ஸில் "ஸ்கிப் எக்சிஸ்டிங் ஃபைல்ஸ்" டிக் செய்துவிட்டால், கிராஷ் ஆன பிறகு விட்ட பிரேமிலிருந்தே தொடரும். மறுபடி தொடங்கும் முன் கடைசியாக எழுதப்பட்ட பிஎன்ஜியை மட்டும் அழித்துவிடுங்கள். அது பாதி எழுதப்பட்டதாக இருக்கக்கூடும். அனுப்பும் முன், துண்டுகள் சேரும் இடங்களை ஒவ்வொரு பிரேமாக நகர்த்திப் பாருங்கள். இன்-அவுட் ஒரு பிரேம் தவறியிருந்தால் அங்கேதான் தெரியும்.