கருப்பு-வெள்ளை ஸ்லைடு: கிட்டா, தனித்தனி மருந்தா?

கேள்வி: வீட்டில் இருக்கும் பழைய ஸ்லைடு ப்ரொஜெக்டர் இன்னும் நன்றாக ஓடுகிறது. கருப்பு-வெள்ளை ஃபிலிமில் படமெடுத்து, நெகட்டிவ் ஆக்காமல் வீட்டிலேயே நேராக ஸ்லைடாகக் கழுவ ஆசை. இதற்கான மருந்தெல்லாம் சேர்ந்து வரும் வெளிநாட்டு ரிவர்சல் கிட் வரவழைக்கட்டுமா, மருந்துகளைத் தனித்தனியாக வாங்கட்டுமா? — மதுரை வாசகர்

பதில்: தனித்தனியாகவே வாங்குங்கள். மிச்சமாகும் பணத்தை நல்ல ஃபிலிமில் போடுங்கள். 35 மி.மீ. கருப்பு-வெள்ளை ஃபிலிம்கள் பலவற்றின் பேஸ், அதாவது அடியிலுள்ள பிளாஸ்டிக் தகடு, லேசான சாம்பல் நிறம். பிரிண்ட் போடும்போது அது பொருட்டே இல்லை. திரையில் பார்த்தால் வெள்ளை வேட்டிகூட அழுக்காகத் தெரியும். செக் நாட்டு ஃபோமாபான் ஆர் 100, தெளிந்த பேஸுடன் ஸ்லைடுக்கென்றே செய்யப்படுவது. கிடைத்தால் விடாதீர்கள்.

ஸ்லைடுக்கு இரண்டு முறை டெவலப் செய்ய வேண்டும்: முதலில் வரும் நெகட்டிவ் படத்தைப் பிளீச் கரைத்து நீக்கும், மிச்சமிருப்பது இரண்டாம் டெவலப்பில் ஸ்லைடு படமாகும். டெவலப்பருக்கு, பிரிண்ட் போடப் பயன்படும் பேப்பர் டெவலப்பர் போதும். முதல் டெவலப்பில் மட்டும் கொஞ்சம் ஹைப்போ (சோடியம் தயோசல்ஃபேட்) சேர்க்க வேண்டும். கவனமெல்லாம் பிளீச் வாங்குவதில் இருக்கட்டும். பொட்டாசியம் டைக்ரோமேட் அருமையாக வேலை செய்யும், ஆனால் புற்றுநோய் வரவழைக்கும் குரோமியச் சேர்மம். வீட்டுக்குள் வேண்டவே வேண்டாம். பொட்டாசியம் பெர்மாங்கனேட் மருந்துக் கடையிலேயே கிடைக்கும். லிட்டருக்கு 4 கிராம் கரைத்து ஒரு பாட்டில், நீர்த்த கந்தக அமிலம் இன்னொரு பாட்டில். கழுவும் நேரத்தில்தான் இரண்டையும் சம அளவு கலக்க வேண்டும். கலந்தது தாங்காது, ஆகவே கலந்தே விற்கும் பெர்மாங்கனேட் பிளீச்சை யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

2013 உச்ச நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு, அமிலம் விற்பவர் புகைப்பட அடையாள அட்டை பார்த்து, எதற்கென்று கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். அந்த அலைச்சல் வேண்டாமென்றால் அமிலத்துக்குப் பதிலாகச் சோடியம் பைசல்ஃபேட் கேளுங்கள். அமிலமே வாங்கினால், தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும், மாற்றிச் செய்யக் கூடாது. கையுறை, பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் தொடாதீர்கள்.

பிளீச் முடிந்ததும் ஃபிலிமில் பழுப்புக் கறை படிந்திருக்கும். பயப்பட வேண்டாம். லிட்டருக்கு 25 கிராம் சோடியம் மெட்டாபைசல்ஃபைட் கரைசலில் போட்டால் கறை கரைந்து, ஃபிலிம் பால் நிறத்துக்கு வந்துவிடும். காரமான நெடி வரும், ஜன்னலைத் திறந்து வையுங்கள். அப்புறம் விளக்கு வெளிச்சத்தில் இரண்டு பக்கமும் காட்டி, ஹைப்போ சேர்க்காத டெவலப்பர், பிறகு ஃபிக்ஸர், கடைசியில் நன்றாக அலசல்.

மதுரை வெயிலில் குழாய்த் தண்ணீர் ஆகாது. பெர்மாங்கனேட் ஜெலட்டினை இளக்கிவிடும். சூட்டில் படமே உரிந்து வந்துவிடும். ஐஸ் போட்டு எல்லாத் தண்ணீரையும் 20 டிகிரி செல்சியஸ் அருகே வைத்திருங்கள்.

கேள்வி: ஸ்லைடு இருட்டாக வந்தால் ஃபிலிம் பழுதென்று கடையில் திருப்பிக் கொடுக்கலாமா?

பதில்: முதலில் ஃபிலிமின் ஓரத்து எண்களைப் பாருங்கள். அவை தொழிற்சாலையிலேயே பதிந்தவை. கருப்பில் பளிச்சென்று தெரிந்து படம் மட்டும் இருட்டென்றால், கேமராவில் வெளிச்சம் போதவில்லை. எண்களும் மங்கலென்றால் முதல் டெவலப் குறைவு. இரண்டிலும் கடைக்காரரிடம் கேட்க ஒன்றுமில்லை. ஓரமே கருப்பாகாமல் வெளிறியிருந்தால் முதல் டெவலப் நேரத்தையும் ஹைப்போ அளவையும் குறைத்து, அதே ஃபிலிமில் ஒரு துண்டு வெட்டிக் கழுவுங்கள். அதுவும் வெளிறினால், பெட்டியில் காலாவதித் தேதி பார்த்து, பில்லோடு கடைக்குப் போங்கள்.