அரசிதழில் வந்துவிட்டதாம்!

கேள்வி: அரசாணைகளும் அரசிதழும் இணையத்திலேயே கிடைக்கின்றன. அப்படியிருக்க, தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் மனுவுக்கு மேல் மனு போடுகிறவர்கள் அதிகாரிகளின் நேரத்தை வீணாக்குகிறார்கள் அல்லவா?
– ஒரு வாசகர், திருவாரூர்

பதில்: நீங்கள் எந்த அலுவலகத்தில் பணிபுரிகிறீர்கள் என்று கேட்கத் தோன்றுகிறது. போகட்டும். சட்டங்களும் அரசு அறிவிப்புகளும் வெளியாகும் அரசிதழைக் (கெஜட்) கடைசியாக எப்போது திறந்து பார்த்தீர்கள்? பார்த்திருக்க மாட்டீர்கள். ஆனால் அதில் அச்சாகிவிட்டால் நீங்களும் படித்துவிட்டதாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். 'எனக்குத் தெரியாது' என்பது நீதிமன்றத்தில் எடுபடாது.

குடிமகன் மீது இத்தனை பெரிய சுமையை ஏற்றும் அரசுக்கும் ஒரு கடமை உண்டு. ஜெய்ப்பூர் சமஸ்தானத்து அமைச்சரவை 1923இல் ஓர் அபின் சட்டத்தைத் தீர்மானமாக நிறைவேற்றியது, ஊருக்கு அறிவிக்கவில்லை. பல ஆண்டுகள் கழித்து, அபின் வைத்திருந்ததாக ஹர்லா என்பவருக்கு அதே சட்டத்தின் கீழ் 50 ரூபாய் அபராதம் விதித்தார்கள். அந்த ஐம்பது ரூபாய் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. மக்களுக்குத் தெரிவிக்கப்படாத சட்டத்தைக் காட்டி யாரையும் தண்டிக்க முடியாது என்று 1951இல் தீர்ப்பு வந்தது.

இனி இணையத்துக்கு வருவோம். அரசாணையின் எண்ணும் தேதியும் கையில் இருந்தால் தேடி எடுத்துவிடலாம். எண் தெரியாத விவசாயி என்ன செய்வார்? கோணலாக ஸ்கேன் செய்து ஏற்றிய பக்கத்தில் ஒரு சொல்லைக்கூடத் தேட முடியாது. எங்கள் அலுவலகத்து இளைஞர்களே பல நேரம் தோற்றுப்போகிறார்கள்.

இந்தியாவிலேயே முதலில், 1997இல், தகவல் உரிமைச் சட்டம் இயற்றிய மாநிலம் தமிழ்நாடுதான். ஆனால் அதில் கொடுக்க வேண்டாதவற்றின் பட்டியல் நீளமானது. 2005இன் மத்தியச் சட்டம் வேறு வழியில் யோசித்தது. அதன் 4ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள். அலுவலர்களின் அதிகாரம், மாதச் சம்பளம், ஒதுக்கப்பட்ட நிதி, மானியம் பெற்ற பயனாளிகளின் விவரம் என்று 17 வகைத் தகவல்களை யாரும் கேட்காமலேயே ஒவ்வொரு அலுவலகமும் வெளியிட வேண்டும். அதற்குத் தரப்பட்ட அவகாசம் 120 நாட்கள். மக்கள் மனுப் போடும் தேவையே குறைய வேண்டும் என்பதுதான் நோக்கம் என அதே பிரிவு சொல்கிறது. உள்ளூர் மொழியையும் கருத்தில் கொள்ளச் சொல்கிறது.

ஆக, தன் ஊரில் யார் யாருக்கு மானியம் போனது என்று ஒருவர் கட்டணமாகப் பத்து ரூபாய்க்கு நீதிமன்ற வில்லை (கோர்ட் ஃபீ ஸ்டாம்ப்) ஒட்டி மனு அனுப்பி, 30 நாள் காத்திருந்து, பதில் வராமல் மேல்முறையீட்டுக்கும் போகிறார் என்றால், இருபது வருடங்களுக்கு முன்பே செய்திருக்க வேண்டிய வேலையை அந்த அலுவலகம் இன்னும் செய்யவில்லை என்று பொருள். நேரத்தை வீணாக்கியது யார்?

பக்கத்து வீட்டுப் பகையைத் தீர்த்துக்கொள்ள மனுப் போடுகிறவர்களும் உண்டு, மறுக்கவில்லை. அவர்களைச் சாக்காக வைத்து மற்றவர்களின் வாயையும் அடைக்க முடியாது. தகவலை எதற்காகக் கேட்கிறீர்கள் என்று மனுதாரரிடம் காரணம் கேட்கக் கூடாது என்கிறது பிரிவு 6(2). நீங்கள் கேட்டிருப்பதும் ஏறக்குறைய அந்தக் கேள்விதான்.