இலவசமாக மேட்ச் பார்க்கும் வேலை இல்லை இது

கேள்வி: தொழில்முறை ஐஸ் ஹொக்கி அணி ஒன்றின் பிளேஓஃப் ஆட்டங்களுக்குச் செய்தியாளராகப் போவது எப்படி இருக்கும்? எல்லா மேட்சையும் இலவசமாகப் பார்க்கலாம்தானே?

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கல்யாண வீடு, பிறந்தநாள் கொண்டாட்டம் என்று எங்கே போனாலும் இதையே கேட்கிறார்கள். என் வாழ்க்கையில் நான் போன மிகப் பெரிய ஆட்டத்தின் மிக முக்கியமான கோலை நான் பார்க்கவில்லை. கோல் விழும்போது அரங்குக்குள்தான் இருந்தேன். ஆனால் குனிந்து தட்டச்சு செய்துகொண்டிருந்தேன்.

2013 மே 13, பொஸ்டன் டிடி கார்டன் அரங்கு. வட அமெரிக்கத் தொழில்முறை ஹொக்கி லீக்கான என்எச்எல்லின் பிளேஓஃபில், ரொறன்ரோ மேப்பிள் லீஃப்ஸும் பொஸ்டன் புரூயின்ஸும் மோதிய முதல் சுற்றின் ஏழாவது ஆட்டம். ஹொக்கி பழக்கமில்லாதவர்களுக்காக: பிளேஓஃப் என்பது பருவத்தின் வழக்கமான ஆட்டங்கள் முடிந்தபின் கோப்பைக்காக நடக்கும் சுற்றுகள். ஒரு சுற்றில் நான்கு ஆட்டங்களை முதலில் வெல்லும் அணி அடுத்த சுற்றுக்குப் போகும். பொஸ்டன் 3-1 என்று முன்னால் நின்றது. லீஃப்ஸ் அடுத்த இரண்டையும் 2-1, 2-1 என்று இழுத்துப் பிடித்து வென்றது. 2004க்குப் பிறகு அந்த அணி பிளேஓஃபுக்கு வந்ததே அதுதான் முதல் தடவை. லீக்கின் சாம்பியனுக்குக் கொடுக்கும் ஸ்டான்லி கோப்பையைக் கடைசியாக வென்றது 1967இல். அந்த இரண்டு வாரமும் ரொறன்ரோ எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

நான் அப்போது ஒரு செய்தி நிறுவனத்துக்குக் கட்டுரைக்கு இவ்வளவு என்ற கணக்கில் எழுதிக்கொண்டிருந்தேன். ஆறாவது ஆட்டம் 12ஆம் தேதி இரவு ரொறன்ரோவில், ஏழாவது மறுநாள் இரவே பொஸ்டனில். நடுவே எத்தனை மணி நேரம் தூங்கினேன் என்று கேட்காதீர்கள்.

"போர்க்களத்திலா நின்றாய், விளையாட்டுத்தானே" என்று யாராவது பின்னூட்டத்தில் எழுதுவீர்கள். தெரியும். போர் பார்த்த ஊரிலிருந்து வந்தவன்தான் நானும். இரண்டையும் ஒப்பிடவில்லை. வேலை என்றால் அதை ஒழுங்காகச் செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

இந்த வேலையின் பெரும்பகுதி காத்திருப்பதும் கவனிப்பதும். பிளேஓஃப் தொடங்கியதும் பயிற்றுநர்கள் வாயைப் பூட்டிக்கொள்வார்கள். யாருக்கு என்ன காயம் என்று கேட்டால் "மேல் உடம்பில்", "கீழ் உடம்பில்" என்பதோடு சரி. எந்த இடம் என்று சொன்னால் எதிரணி அங்கேயே இடிக்கும். அதனால் நாங்கள் காலைப் பயிற்சியைப் பார்த்துத்தான் ஊகிப்போம். எல்லோரும் உள்ளே போன பிறகும் யார் பனியில் நின்று ஓடிக்கொண்டே இருக்கிறாரோ, அவர் பெரும்பாலும் அன்று இரவு ஆட மாட்டார். ஆடப்போகிறவர்கள் காலுக்கு ஓய்வு கொடுக்கப் போய்விடுவார்கள். இரவு கோலியாக, அதாவது கோல் காப்பாளராக, நிற்கப்போகிறவரிடம் அன்றைக்குப் பேச்சுக் கொடுக்கவும் முடியாது, விடமாட்டார்கள்.

சரி, அந்த இரவுக்கு வருகிறேன். ஆட்டம் முடிந்த நிமிடமே செய்தி போய்விட வேண்டும். அதனால் இரண்டாவது இடைவேளையிலேயே இரண்டு கோப்புகளைத் திறந்து வைத்துக்கொள்வோம். ஒன்று லீஃப்ஸ் வென்றால், மற்றது தோற்றால். கடைசிப் பகுதியான மூன்றாம் பகுதி தொடங்கி ஐந்தரை நிமிடத்தில் நசீம் கத்ரி அடித்தார். லீஃப்ஸ் 4-1. பத்திரிகையாளர் இருக்கைகள் கூரையை ஒட்டிய உயரத்தில் இருக்கும். அங்கிருந்து பார்த்தால் மஞ்சள் கறுப்புச் சட்டை போட்ட பொஸ்டன் ரசிகர்கள் படிகளில் ஏறி வெளியே போவது தெரிந்தது. நான் தோல்விக் கோப்பை மூடவில்லை. ஆனால் வெற்றிக் கோப்பில்தான் வேலை செய்தேன், மறைக்க ஒன்றுமில்லை.

பொஸ்டனின் நேதன் ஹோர்ட்டன் ஒன்று அடித்து 4-2 ஆனது. அதன் பிறகு நேரம் ஓடியது, ஆட்டம் முடிய இரண்டு நிமிடம்கூட இல்லை. அலுவலகத்திலிருந்து தொலைபேசி. "வெற்றிச் செய்தியை இப்போதே அனுப்பு, மற்றவர்களுக்கு முன்னால் போட வேண்டும்" என்றார்கள். ஆட்டம் முடிந்த மணி அடிக்கட்டும் என்றேன். இரண்டாவது தடவையும் சொன்னார்கள். நானும் அதையேதான் திருப்பிச் சொன்னேன். பேசி முடிக்கவில்லை, மிலான் லூச்சிச் அடித்துவிட்டார். 4-3. மீதம் 1 நிமிடம் 22 விநாடி. தொலைபேசியை வைத்துவிட்டுத் தோல்விக் கோப்பைத் திறந்தேன். முதல் வரியை மாற்றிக்கொண்டிருக்கும்போது காலடியில் தளம் அதிர்ந்தது. உண்மையாகவே அதிர்ந்தது, மேசையிலிருந்த தண்ணீர்ப் போத்தல் நடுங்கியது. தலையை நிமிர்த்தினால் 4-4. மீதம் 51 விநாடி. பொஸ்டன் தன் கோலியை வெளியே எடுத்துவிட்டு ஆறு பேரோடு ஆடியிருக்கிறது. ஆறடி ஒன்பது அங்குல ஸ்டேனோ சாரா, லீஃப்ஸ் கோலி ஜேம்ஸ் ரைமரின் கண்ணை மறைத்துக்கொண்டு நிற்க, பட்ரிஸ் பெர்ஜரோன் தூரத்திலிருந்து அடித்திருக்கிறார். இதெல்லாம் நான் திரையில் மறுஒளிபரப்பில் பார்த்தது.

பிளேஓஃபில் கூடுதல் நேரம் என்றால் யாராவது ஒரு கோல் போடும்வரை ஆட்டம். 6 நிமிடம் 5 விநாடியில் அதே பெர்ஜரோன் முடித்து வைத்தார். ஏழாவது ஆட்டத்தின் மூன்றாம் பகுதியில் மூன்று கோல் பின்னால் இருந்த அணி வென்றது அந்த லீக்கின் வரலாற்றிலேயே அதுதான் முதல் தடவை. அந்தக் கோலை நான் பார்த்தேன். செய்தி ஒரு நிமிடத்துக்குள் போனது, அதில் ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை. இதைப் பெருமையாகவே சொல்கிறேன். அலுவலகத்திலிருந்து ஒரு நன்றி வரவில்லை. பொய்ச் செய்தி போடாமல் அவர்களைக் காப்பாற்றியவனுக்கு அந்தப் பயணத்தின் ஹோட்டல் செலவு வந்து சேர நான்கு மாதம் ஆனது. தனியாக எழுதிப் பிழைக்கிறவர்களை நடத்தும் விதம் இதுதான்.

அப்புறம் தோற்றவர்களின் அறைக்குள் போக வேண்டும். யாரும் இதை முன்கூட்டியே சொல்லித் தருவதில்லை. ஈரத் துணியும் வியர்வையும் கலந்த வாடை, தரையெங்கும் உருட்டிப்போட்ட வெள்ளை டேப் உருண்டைகள். ஒரு வீரர் ஸ்கேட்டைக்கூடக் கழற்றாமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் மகனைவிட ஆறேழு வயதுதான் கூட இருக்கும். நாங்கள் பதினைந்து பேர் ஒலிப்பதிவுக் கருவிகளோடு அவரைச் சூழ்ந்து நின்றோம். அன்று நான் கேள்வி கேட்கவில்லை. மற்றவர்கள் கேட்டதற்கு அவர் சொன்னதை மட்டும் எழுதினேன். இது என் கோழைத்தனம் என்று சொன்ன சக நிருபர் உண்டு. ஏற்றுக்கொள்ள மாட்டேன். அந்த நேரத்தில் என்னிடம் கேட்கத் தகுந்த கேள்வி ஒன்றும் இருக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும், கேள்விக்குச் சம்பந்தம் இல்லாவிட்டாலும். திரும்பி வந்ததும் இதையே தமிழில், வீட்டில் அம்மாவுக்குச் சொல்வதுபோல எழுதினேன். பக் என்பது மூன்று அங்குல அகல ரப்பர் வட்டு, துள்ளாமல் இருக்க அதை உறைய வைத்துத்தான் ஆட எடுப்பார்கள் என்பதில் தொடங்கி விளக்கமாக எழுதினேன். இங்குள்ள ஒரு தமிழ்ப் பத்திரிகைக்குக் காசு வேண்டாம் என்று சொல்லிக் கொடுத்தேன். "எங்கட சனம் இதெல்லாம் வாசிக்காது தம்பி" என்று திருப்பித் தந்துவிட்டார்கள். அந்த வாரம் கிரிக்கெட்டுக்கு முழுப் பக்கம். பஞ்சாபிக்காரர்களுக்கு 2008இலேயே கனடாத் தொலைக்காட்சியில் தங்கள் மொழியில் ஹொக்கி வர்ணனை வந்துவிட்டது. ரொறன்ரோவின் ஸ்காபரோவில் லீஃப்ஸ் சட்டையோடு பள்ளிக்கூடம் போகும் நம் பிள்ளைகளைப் பற்றி அந்த ஆசிரியருக்குத் தெரியாதா? வாசிக்காது என்று முடிவு கட்ட முதலில் ஒரு தடவையாவது போட்டுப் பார்க்க வேண்டாமா?

உங்கள் கேள்வியைப் பார்த்தால் முதல் தடவை அனுமதி அட்டை கிடைத்திருக்கிறது போலத் தெரிகிறது. போங்கள், கட்டாயம் போங்கள். மேலே பத்திரிகையாளர் இருக்கையில், நீங்கள் எந்த அணிக்காரராக இருந்தாலும் கைதட்டக் கூடாது. அணி தன் சொந்த அரங்கில் உடைமாற்றும் அறையின் தரையில் அதன் சின்னம் இருந்தால் அதை மிதித்துவிடாதீர்கள். வீரர் உட்கார்ந்திருந்தால் நீங்களும் முழங்காலில் உட்காருங்கள். பின்னால் நிற்கும் கமராக்காரரும் வாழ்த்துவார். கூடுதல் நேரம் நள்ளிரவு தாண்டியும் போகும், பையில் சாப்பிட ஏதாவது வைத்திருங்கள். தோல்விக் கோப்பை மட்டும் மூடிவிடாதீர்கள்.